கோடை விருந்துக்கு அஞ்சு சாமான் பானம்!

சர்க்கரை இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் எறும்பின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. அதுதான் திருவெறும்பூர்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கிழக்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் இந்த ஊர் இருக்கிறது. ஊருக்குள் ஒரு சின்னப் பாறைக் குன்று. அதன் மேல் எறும்பீசுவரர் கோவில்.

தாரகாசுரன் தொல்லை தாங்காத தேவர்கள், அவன் கண்ணில் படாமல் இருக்க எறும்பு உருவம் எடுத்து வந்து இங்கே சிவனை வழிபட்டார்களாம். லிங்கம் வழுக்கியது. எறும்புகளால் ஏற முடியவில்லை. சிவபெருமான் இரங்கினார். மண் புற்றாக மாறினார். எறும்புகள் ஏறுவதற்கு வசதியாகக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார்! இது தல புராணம். அப்பர் பாடிய தலம் இது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு.

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் இந்தக் குன்று தோசைக்கல் மாதிரி காயும். திருச்சி வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் வருகின்றன. வீடு நிறைய உறவினர் வந்து இறங்குவார்கள். "உஸ்... அப்பாடா!" என்று விசிறியைத் தேடும் பெரியப்பாவுக்கும், வாசலில் ஆட்டம் போட்டுவிட்டு ஓடி வரும் வாண்டுகளுக்கும் என்ன கொடுப்பது?

காப்பி கொடுத்தால் இன்னும் வேர்க்கும். 40 பேருக்குக் கலர் பாட்டில் வாங்கினால் பர்ஸ் காலி. வெறும் தண்ணீர் கொடுத்தால், ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக் காட்டுவார்கள்!

ஒரே பாத்திரம்

இந்தக் கவலை மேல்நாட்டுக் குடும்பங்களுக்கும் உண்டு. அதற்கு அவர்கள் கண்ட வழி 'பஞ்ச்' என்னும் பானம். அகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை மேஜை நடுவில் வைப்பார்கள். அதில் பழச்சாறு, சர்க்கரை, எலுமிச்சை, பழத் துண்டுகள், ஐஸ் எல்லாவற்றையும் போடுவார்கள். கூடவே ஒயினோ, ரம் என்ற சாராயமோ ஊற்றுவார்கள். பக்கத்தில் ஒரு கரண்டி இருக்கும். வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மொண்டு குடிக்க வேண்டியதுதான். ஸ்பெயின் தேசத்தில் சிவப்பு ஒயினில் ஆரஞ்சுத் துண்டுகளை ஊறப் போட்டு 'சங்க்ரியா' என்று ஒன்று செய்கிறார்கள். அதுவும் இந்த ஜாதிதான்.

வெள்ளைக்காரனின் பானம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் பெயரே இந்தியாவிலிருந்து போனதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

பஞ்சபாண்டவர் எத்தனை பேர்? ஐந்து பேர். பஞ்சாமிர்தத்தில் எத்தனை பொருள்? ஐந்து. அந்தப் 'பஞ்ச' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் 'பஞ்ச்' ஆயிற்றாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்தபோது அவர்கள் நாட்டுப் பீரும் ஒயினும் கப்பல் சூட்டில் கெட்டுப் போயின. ஆகையால் உள்ளூர்ச் சாராயத்தை எடுத்தார்கள். சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய நான்கையும் சேர்த்தார்கள். மொத்தம் ஐந்து சாமான்! 1632-ல் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. ஜான் பிரையர் என்ற ஆங்கில வைத்தியர் இந்தியாவில் சுற்றிவிட்டு எழுதிய புத்தகம் 1698-ல் அச்சாயிற்று. அதில் அவர், ஐந்து பொருள் சேர்வதால்தான் இந்தப் பெயர் என்றே எழுதி வைத்திருக்கிறார். பீப்பாயைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஐந்து சாமான் கதைதான் அதிகம் பேர் நம்புவது.

குன்றின் மேல் பட்டாளம்

பஞ்ச் குடித்த அந்தக் கூட்டம் திருவெறும்பூருக்கும் வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டைக்காக மோதிக்கொண்ட காலம். எறும்பீசுவரர் குன்றை இரண்டு பட்டாளமும் காவல் அரணாக வைத்துக்கொள்ளப் பார்த்தன. 1752-ல் ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். 'எறும்பீசுவரம்' என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையவில்லை. 'எலிமிசேரம்' என்று எழுதி வைத்தார்கள். எறும்பு எலியாகிவிட்டது!

பட்டாளம் போய்விட்டது. பெயரும் போய்விட்டது. குன்றும் கோவிலும் நிற்கின்றன.

ஒயின் இல்லாமல் முடியுமா?

வீட்டு விருந்தில் ஒயின் ஊற்றிய பஞ்ச் வைத்தால் என்ன ஆகும்? பாத்திரம் ஒன்றுதான். ஆனால் அதைக் குழந்தைகள் தொடக்கூடாது. பாட்டி தொடமாட்டார். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆகாது. மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு ஆகாது. மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய சித்தப்பாவுக்குக் கண்டிப்பாக ஆகாது. மிச்சம் யார்? நாலு பேர். அந்த நாலு பேரும் கரண்டியோடு ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் ஒன்றாகக் குடிக்கத்தானே பாத்திரத்தை நடுவில் வைத்தது?

வெயிலுக்கும் அது ஏற்றதல்ல. மது சிறுநீரை அதிகப்படுத்தும். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும். வேர்த்து வறண்டு வந்தவருக்கு மேலும் வறட்சிதான்.

சட்டமும் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. பிறகு எத்தனையோ மாற்றங்கள். ஆனால் அந்த 1937-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் இருக்கிறது. சர்க்கார் அனுமதி இல்லாமல் வீட்டில் திராட்சையை ஊறப் போட்டு ஒயின் செய்வது அதன்படி குற்றம். "கொஞ்சம்தானே, வீட்டுக்குத்தானே" என்ற சமாதானம் செல்லாது.

சரி, ஒயினை எடுத்துவிட்டால் ருசி போய்விடாதா? போகாது. ஒயின் அந்தப் பானத்தில் செய்யும் வேலை என்ன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கொஞ்சம் புளிப்பு தருகிறது. சிவப்பு நிறம் தருகிறது. முக்கியமாக, நாக்கைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பைத் தருகிறது. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் பழச்சாறு வெறும் தித்திப்பாக இருக்கும். அரை டம்ளரிலேயே திகட்டிவிடும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற சத்து. அது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிறது. வேறு எதில் இருக்கிறது தெரியுமா? தினம் காலையில் குடிக்கும் டீயில்! பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனை அளவாகச் சேர்த்தால் ஒயினின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பழைய காலத்து ஆங்கிலேயர்களே சில சமயம் பஞ்ச்சில் டீ ஊற்றியிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பஞ்ச்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி. வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் என்ன?

பானகம்!

இனிப்பு, புளிப்பு, தண்ணீர், வாசனைச் சரக்கு. பஞ்ச்சில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது, சாராயம் ஒன்றைத் தவிர. ஸ்ரீராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும் இல்லாத தெரு திருச்சியில் இராது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேருக்குக் கிராமத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள். அவர்களுக்காக வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். யார், என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. டம்ளரை நீட்டினால் ஊற்றுவார்கள்.

கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் இன்னும் விசேஷம். மற்ற ஊர்களில் பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பார்கள். இங்கே அம்மன் பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள்! மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள். பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் அம்மனுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம்தான். கோடை தொடங்கும் நேரத்தில் உடம்புக்கு எது ஏற்றது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் கணக்குப் போட்டு வைத்தது போலத்தான் இருக்கிறது.

ஆந்திராவில் மங்களகிரி என்ற ஊரில் நரசிம்ம சுவாமிக்குப் பானகம்தான் முக்கிய நைவேத்தியம். வெல்லப் பானகத்தைச் சுவாமியின் திருவாயில் ஊற்றுவார்கள். இவ்வளவு வெல்லம் சிந்தியும் அங்கே எறும்பே வருவதில்லை என்பது பக்தர்கள் சொல்லும் அதிசயம். ஒருவேளை எல்லா எறும்பும் திருவெறும்பூருக்கு வந்துவிட்டதோ என்னவோ!

40 பேருக்குப் பானகம் செய்ய 7 லிட்டர் தண்ணீர், ஒன்றேகால் கிலோ வெல்லம், 12 எலுமிச்சம்பழம் வேண்டும். வெல்லத்தைத் தட்டி, இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண் இருக்கும். வடிகட்டாத பானகம் பல்லில் நறநறக்கும். பிறகு மீதித் தண்ணீரையும் சேர்த்து, சுக்குப் பொடி மூன்று தேக்கரண்டி, ஏலப் பொடி இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போட வேண்டும். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். முன்னாலேயே பிழிந்து வைத்தால் வாசனை போய்க் கசப்பு தட்டும். நாலு துளசி இலை மிதந்தால் அழகு. பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் கடுகளவுக்கு மேல் போடக்கூடாது.

மண் பானையில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, காற்று வரும் இடத்தில் வைத்தால் ஐஸே வேண்டாம். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது.

ஆலைக்கு வந்த குடும்பங்கள்

1960-களில் திருவெறும்பூருக்கு ஒரு புது முகம் வந்தது. 'பெல்' என்று எல்லோரும் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இங்கே எழுந்தது. அனல் மின் நிலையங்களுக்கு வேண்டிய பெரிய பெரிய கொதிகலன்களைச் செய்யும் ஆலை. பக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தது. வேலைக்காகப் பல ராஜ்யத்துக் குடும்பங்கள் வந்து குடியேறின. பெல் டவுன்ஷிப் என்றால் ஒரு குட்டி இந்தியா.

ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் கோடைக்கென்று ஒரு பானம் உண்டு. வடக்கே 'ஆம் பன்னா' என்று மாங்காய்ப் பானம். கொங்கணக் கரையில் கோக்கம் என்ற புளிப்புப் பழச் சர்பத். தமிழ்நாட்டில் நன்னாரி. அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்டால் போதும், ஒரு புதுப் பானம் கிடைக்கும்.

மாங்காய்ப் பானம் சுலபமானது. ஆறு புளிப்பு மாங்காயை வேகவைத்துத் தோலை உரித்து, சதையைப் பிசைந்து, கால் கிலோ வெல்லம், உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், அரைத்த புதினா சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவ்வளவுதான். திருச்சிப் பக்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இமாம் பசந்து பழத்தை இதில் போட்டு வீணாக்க வேண்டாம். அதைத் தனியாக நறுக்கிச் சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

திராட்சைப் பஞ்ச்

இப்போது முக்கியமான பானத்துக்கு வருவோம். இதுவும் 40 பேருக்கு.

மேற்கிந்தியத் தீவுகளில் பஞ்ச்சுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, சாராயம் மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சாராயத்தின் இடத்தில் திராட்சைச் சாறும் டீயும் வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். திராட்சை தானே தித்திக்கும். ஆகையால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் கறுப்புப் பன்னீர் திராட்சை மூன்று கிலோ வாங்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது இந்தத் திராட்சைதான். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதை அங்கே கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பச்சைத் திராட்சை வாங்கினால் நிறம் வராது.

பழத்தை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விட வேண்டும். தோல் வெடித்து நிறம் முழுவதும் இறங்கிவிடும். ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்ட வேண்டும். மிக்சியில் போட்டு அரைக்கக் கூடாது. விதை உடைந்தால் கசக்கும்.

அடுத்து டீ. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, எட்டுத் தேக்கரண்டி டீத்தூள் போட்டு மூடி, நாலே நிமிஷத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசப்பு வந்துவிடும். புது மருமகள் செய்தால் மாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்!

முக்கால் கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, பட்டை நாலு துண்டு, கிராம்பு பத்து, தட்டிய இஞ்சி ஒரு துண்டு சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். பாகு பதம் வேண்டாம். சர்க்கரை கரைந்து மணம் வந்தால் போதும்.

மூன்றையும் தனித்தனியே ஆறவைத்துக் குளிர வைக்க வேண்டும். இதையெல்லாம் காலையிலேயே செய்துவிடலாம். விருந்தாளிகள் வரும் நேரத்தில் ஒன்றாகக் கலந்து, 12 எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டும். சோடா ஊற்றினால் பாத்திரத்தின் ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் காஸ் எல்லாம் அப்போதே போய்விடும்.

மேலே மிதக்க விடுவதற்கு அன்னாசித் துண்டு, மாதுளை முத்து, ஆப்பிள், ஆரஞ்சு வட்டம். வாழைப்பழம் மட்டும் கூடாது. கறுத்துக் கரைந்து கூழாகிவிடும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு பாத்திரத்தில் வாழைக்கு வேலை இல்லை!

ஜாக்கிரதை!

பானம் நன்றாக இருந்தும் மறுநாள் பாதி வீடு வயிற்றுப்போக்கில் படுத்தால், குற்றம் பெரும்பாலும் தண்ணீரிலோ ஐஸிலோதான் இருக்கும். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் பாளம் குடிக்கத் தக்கதல்ல. அதை எந்தத் தண்ணீரில் உறைய வைத்தார்கள், எந்தத் தரையில் இழுத்து வந்தார்கள், யாருக்குத் தெரியும்? முதல் நாளே கொதித்து ஆறிய தண்ணீரை டிபன் கேரியர் அடுக்குகளில் ஊற்றிப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தால் வட்ட வட்டமாக ஐஸ் கிடைக்கும். சின்னக் கட்டிகளைவிடப் பெரிய கட்டி மெதுவாகக் கரையும். பானம் நீர்த்துப் போகாது. உள்ளே இரண்டு திராட்சையும் ஒரு புதினா இலையும் போட்டு உறைய வைத்தால் குழந்தைகள் அந்தக் கட்டிக்காகவே சண்டை போடுவார்கள்.

எலுமிச்சைப் புளிப்பு பித்தளையையும் செம்பையும் அரிக்கும். அலுமினியத்துக்கும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரமோ, கண்ணாடியோ, பீங்கான் ஊறுகாய் ஜாடியோதான் சரி. ஊறுகாய் வாசனை போகக் கழுவியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை வியாதிக்காரருக்கு வெல்லம் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. வெல்லமும் சர்க்கரைதான். அவர்களுக்கு நீர்மோர் ஒரு செம்பு தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதையும் அதே மேஜையில், அதே மாதிரி டம்ளரில் கொடுத்தால் யாருக்கும் மனக்குறை இராது.

நறுக்கிய பழம் போட்ட பானத்தை வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மிச்சமானதை "நாளைக்கு ஆகும்" என்று பாட்டிலில் அடைத்து மூடி வைப்பதும் தப்பு. காற்றிலும் பழத்தோலிலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. திருச்சி வெயிலில் அது ஒரே ராத்திரியில் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் நுரை கட்டும். புளித்த வாடை அடிக்கும். மூடியை இறுக்கியிருந்தால் காஸ் சேர்ந்து பாட்டில் வெடித்தாலும் வெடிக்கும். வேண்டாம் என்று ஒதுக்கிய ஒயின் அப்படித்தான் கொல்லைப்புற வழியாக உள்ளே வரப் பார்க்கும்! மீதியை அன்றைக்கே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று. பாத்திரத்தை மேஜை மேல் அப்படியே வைக்கக் கூடாது. ஓர் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் வைக்க வேண்டும். ஊர் திருவெறும்பூர். முதல் டம்ளர் ஊற்றுவதற்கு முன்பே வரிசை கட்டி வந்துவிடுவார்கள்!